டாவோ வீட்டுக்காரர் தரும் ஐந்து ஆயுதங்கள்: எது பழசு, எதை ஊருக்குக் கொண்டு வரலாம்?

கடிதம் எழுதியவரின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் பிலிப்பைன்ஸின் தெற்கே மின்டனாவோ தீவில் இருக்கும் டாவோ நகரில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, இன்னும் இரண்டு மாதத்தில் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறார். வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வயதானவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். அவர் வீட்டு ஹாலில் பல காலமாகத் தொங்கிய நான்கு வாள்களையும் ஓர் ஈட்டியையும் சேர்த்து 60,000 பெசோவுக்குத் தருகிறேன் என்கிறார். அவருடைய அப்பா 1939-ல் இலோய்லோவிலிருந்து அதே தீவின் கொரோனடாலுக்குக் குடியேறியவராம். 'எல்லாமே மோரோ பழங்குடி ஆயுதங்கள், லாபுலாபு (1521-ல் மெகல்லனின் படையை வீழ்த்திய தலைவன்) காலத்தது, வளைந்த வாளில் எத்தனை வளைவோ அத்தனை தலை விழுந்திருக்கிறது, கறுப்புக் கறை விஷம்' என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். நம் வாசகருக்கு வளைந்த வாள் மேல்தான் ஆசை. துருப்பிடித்த நேரான வாளையும், ஒரு பக்கம் தேய்ந்த கத்தியையும் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கலாமா என்று கேட்கிறார். அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, புளியும் சபீனாவும் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்றாராம். பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டு வரலாமா, ஈட்டிக் கம்பை இரண்டாக அறுக்கலாமா என்பவை கடைசிக் கேள்விகள். நிறைய படங்களும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, முதல் வேலையாக அம்மாவிடம் அந்தப் புளி யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். பழைய ஆயுதங்களைச் சோதித்துப் பராமரிப்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இரண்டும்தான் இந்தச் சுவரிலேயே நல்ல பொருட்கள்.

ஐந்தையும் 'மோரோ பழங்குடி' என்று ஒரே பையில் போட்டிருக்கிறீர்கள், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. மோரோ என்பது தெற்கே இருக்கும் முஸ்லிம் மக்களுக்கு ஸ்பானியர் வைத்த பொதுப்பெயர். தாவ்சுக், மகிந்தனாவோ, மரனாவோ, யாக்கான் என்று பல இனங்கள் அதில் அடக்கம். சூலுவிலும் மகிந்தனாவோவிலும் சுல்தான்கள் ஆண்டார்கள், கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது, சீனா வரைக்கும் வியாபாரம் நடந்தது. காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்த கூட்டம் என்ற நினைப்பில் அவர்களுடைய வாளைப் பார்த்தால் தப்பாகத்தான் முடியும். அதே மின்டனாவோவில் முஸ்லிமும் அல்லாத, பிறகு வந்து குடியேறியவர்களும் அல்லாத மலைமக்கள் இருக்கிறார்கள்: திபோலி, பகோபோ, மண்டாயா, மனோபோ. இவர்களைப் பொதுவாக லுமாட் என்பார்கள். நடுவில் விசயாஸ் தீவுக்காரர்கள், வடக்கே லூசோன் மலையில் இஃபுகாவோ, பொந்தோக், கலிங்கா போன்றவர்கள். உங்கள் வீட்டுக்காரர் சுவரில் இந்த நாலு உலகமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிறது. அவருக்கே அது தெரியவில்லை, தப்பில்லை, சுவரில் மாட்டிய பொருளைப் பற்றி வீட்டில் கதை வளர்வது எங்கேயும் நடப்பதுதான்.

வளைந்த வாள்

பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும் இது கிரிஸ், உள்ளூர் வழக்கில் காலிஸ் என்றும் சொல்வார்கள். ஜாவாவின் கெரிஸ் குத்துவதற்கான சின்ன ஆயுதம், மோரோ கிரிஸ் அதைவிடப் பெரியது, கனமானது, வெட்டுவதற்கும் ஆனது. வளைவு இருந்தால்தான் கிரிஸ் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது சரியல்ல. முழுக்க வளைந்தது, பாதி வளைந்து நுனியில் நேரானது, முழுக்க நேரானது என்று மூன்றும் உண்டு. வளைவு வைத்துத் தலை எண்ணும் கதையை விட்டுவிடுங்கள். வளைவு உலையிலேயே அடித்து முடித்துவிடுவது, அப்புறம் போய் ஒரு ஆளை வெட்டிவிட்டு வந்து ஒரு வளைவைச் சேர்க்க முடியாது.

பழசா புதுசா என்று பார்க்க வளைவை மறந்துவிட்டுப் பிடிக்குக் கீழே பாருங்கள். அலகின் அடிப்பகுதி ஒரு பக்கமாக அகன்று, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுருளோடு இருக்கும். இதைக் கங்யா என்பார்கள். பழைய கிரிஸ்களில் கங்யா தனித் துண்டு. அலகிலிருந்து பிடிக்குள் நுழையும் கம்பியில் கோத்து இறுக்கியிருப்பார்கள், ஆகவே அலகுக்கும் கங்யாவுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு மூட்டு தெரியும். 20-ஆம் நூற்றாண்டு நகர நகர இரண்டையும் ஒரே இரும்பில் அடித்துவிட்டு, மூட்டு இருக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் கீறிவிடும் வழக்கம் வந்தது. உங்கள் நெருக்கமான படத்தில் அந்தக் கோடு அலகின் ஓரத்துக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. உண்மையான மூட்டு பாதியில் நிற்காது. அலகு முழுக்கத் தெரியும் மர ரேகை மாதிரியான கோலமும் இரும்பை மடித்து அடித்ததால் வந்தது அல்ல, அமிலத்தால் மேலே வரைந்தது. பிடியோடு அலகைக் கவ்வும் பட்டையும், அதாவது ஆசங்-ஆசங், மெல்லிய பித்தளைத் தகட்டில் கத்தரியால் வெட்டியதாகத் தெரிகிறது.

சுருக்கமாக, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுற்றுலாப் பயணிக்காகவோ படைவீரருக்காகவோ செய்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றி இந்த வியாபாரம் நன்றாகவே நடந்தது. கேடய வடிவப் பலகையில் குட்டிக் குட்டி ஆயுதங்களைப் பதித்து 'மோரோ நாட்டு ஆயுதங்கள்' என்று எழுதி விற்ற அலங்காரப் பலகைகள் இன்னும் அமெரிக்க வீடுகளில் கிடக்கின்றன. கங்யா ஒரே இரும்பாக இருந்தாலே போலி என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். 1930-களுக்குப் பிறகு சொந்த உபயோகத்துக்குச் செய்த நல்ல வாள்களும் அப்படி உண்டு. இது அந்த வகையும் இல்லை, மற்ற அடையாளங்கள் எல்லாம் எதிராகத்தான் இருக்கின்றன.

பிடியின் தலையில் இருக்கும் வெள்ளைக் காகாதுவா (கொண்டைக்கிளி) உருவம் தந்தம் என்று எழுதியிருந்தீர்கள். யானைத் தந்தமாக இருந்தால் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் வலைபோலத் தெரியும், எலும்பாக இருந்தால் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். உங்கள் படத்தில் இரண்டும் இல்லை, வழுவழுவென்று ஒரே வெண்மை. பிளாஸ்டிக் பிசினாகத்தான் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் யூடியூப் ஆலோசனையைப் பின்பற்ற வேண்டாம்.

லாபுலாபு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1521 ஏப்ரல் 27 அன்று மக்டான் தீவில், ஸ்பெயினின் கப்பல்களோடு வந்த மெகல்லனை வீழ்த்தியது எந்த ஆயுதம் என்பதற்கு நமக்கு இருக்கும் நேரடிச் சாட்சி கூடவே இருந்த பிகஃபெத்தாவின் குறிப்பு. மூங்கில் ஈட்டிகளையும், இடது காலில் விழுந்த ஒரு பெரிய வளைவாளையும் அவர் சொல்கிறார். அது கம்பிலான் என்று பிற்காலத்தவர் எடுத்துக்கொண்டார்கள், மக்டான் சிலையின் கையிலும் அதுதான். கம்பிலான் என்பது நீளமான, ஒரு பக்கம் மட்டும் கூரான, நுனியை நோக்கி அகன்றுகொண்டே போகும் வாள். பிடியின் முனை வாயைப் பிளந்த விலங்கு மாதிரி இரண்டாகப் பிரியும். உங்கள் ஐந்தில் அது இல்லை.

நேரான 'உடைந்த' வாள்

கிரிஸ் உடைந்து நேராக்கியது என்று பெரியவர் சொன்னாராமே, இல்லை. இரண்டு பக்கமும் கூர், அடியில் தும்பிக்கைச் சுருள், மரத்தில் செதுக்கிய காகாதுவாத் தலை, அதில் ஒரு மூலை சில்லுப் போயிருக்கிறது. இது நேரான கிரிஸேதான். துருவுக்கு நடுவே கங்யா மூட்டு தெளிவாகத் தெரிகிறது, நேராக ஓடி, ஓரத்துக்கு அருகில் சாய்வாக இறங்குகிறது. அந்தச் சாய்வும், தனித் துண்டாக இருப்பதும், அடித்து வளைத்த செம்புப் பட்டையும் சேர்ந்து 19-ஆம் நூற்றாண்டு என்று சொல்ல வைக்கின்றன. மகிந்தனாவோ அல்லது மரனாவோ பட்டறை வேலையாக இருக்கலாம்; கையில் எடுத்துப் பார்க்காமல் இதற்கு மேல் ஊர் பேர் சொல்லக் கூடாது. பிடியில் சுற்றிய நூல் அலகைவிடப் புதுசு. ஈரமான ஊரில் பிடி பழுதாகும், மாற்றுவார்கள், ஒரே வாளில் இரண்டு மூன்று தலைமுறைக் கைவேலை இருப்பது சாதாரணம். அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

மின்டனாவோவுக்குக் குடியேற வந்த குடும்பத்திடம் இது எப்படி வந்தது? 1939-ல் தேசிய நிலக் குடியேற்றத் திட்டத்தில்தான் கொரோனடால் பள்ளத்தாக்குக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், அது மகிந்தனாவோ மக்களும் பிலான் மக்களும் இருந்த பூமி. நிலத்தோடு, கடனோடு, நட்போடு, சண்டையோடு பொருட்கள் கைமாறியிருக்கும். இதில் எந்த வழி என்பது பெரியவருக்குத் தெரிந்திருக்கலாம். தலை எண்ணிக்கைக் கதையை விட்டுவிட்டு 'இதை உங்கள் அப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்' என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை அப்படியே தேதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். எந்த அருங்காட்சியகமும் இரும்புக்கு அடுத்தபடியாகக் கேட்பது அந்தத் தாளைத்தான்.

ஒரு பக்கம் தட்டையான கத்தி

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு பக்கம் தேய்ந்துபோய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அது தேய்மானம் இல்லை தம்பி, செய்யும்போதே அப்படித்தான். விசயாஸில் இருக்கும் பனாய் தீவில் வாளின் ஒரு பக்கத்தைத் தட்டையாக விட்டு மறுபக்கத்தை மட்டும் சரித்துக் கூர் வைப்பார்கள், தச்சரின் உளி மாதிரி. தாலிபோங், தெனெக்ரே போன்ற பனாய் வாள்களில் இதைப் பார்க்கலாம். பிடியின் நுனியில் பிதுங்கிய கண்ணும் பல்லுமாக ஒரு முகம் செதுக்கியிருக்கிறதே, அதுவும் அந்தப் பக்கத்துக் கைவேலைதான். பிடியில் உள்ளங்கை படும் இடம் மட்டும் கறுத்து வழவழப்பாகியிருக்கிறது, விரல் படாத பள்ளங்களில் மரம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் செயற்கையாகக் கொண்டு வருவது கஷ்டம், போலி செய்பவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சாயம் பூசிவிடுவார்கள்.

இலோய்லோ இருப்பது பனாய் தீவில். ஆகவே இது பெரும்பாலும் பெரியவரின் அப்பா கப்பலேறும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த வாள். மற்றவை எல்லாம் அந்தக் குடும்பம் சேர்த்தவை, இது ஒன்றுதான் குடும்பத்தின் சொந்தச் சொத்து. விலை குறைக்கும் சாக்காக இதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அவர்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. மகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா? இது என்ன என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். தெரிந்த பிறகும் விற்பார்களா என்பது அவர்கள் முடிவு.

மணி கட்டிய வாளும் ஈட்டியும்

பித்தளைப் பிடியும், அதில் சங்கிலியில் தொங்கும் குட்டி மணிகளும் திபோலி வேலை, தென் கொட்டபாட்டோவில் லேக் செபு பக்கம். மெழுகு வார்ப்பில் பித்தளை செய்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அலகு மெல்லியது, கூரே வைக்கவில்லை, ஆக இது விற்பனைக்குச் செய்தது. போலி என்று சொல்ல மாட்டேன். திபோலி கைவினைஞர் செய்து திபோலி பொருளாகவே விற்றது, வீட்டில் மாட்ட அழகானது, அந்த அளவுக்கு மதிப்புண்டு.

ஈட்டி மோரோவும் இல்லை, மின்டனாவோவும் இல்லை. மோரோ ஈட்டி பெரும்பாலும் அகன்ற இலை மாதிரி அல்லது வளைந்த அலகோடு, கழுத்தில் பித்தளை அல்லது வெள்ளிப் பூணோடு இருக்கும். உங்களுடையதில் அலகின் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிய முட்கள், கழுத்தில் பிரம்புப் பின்னல், கம்பின் அடியில் மண்ணில் குத்தி நிறுத்த ஓர் இரும்புக் குப்பி. இது லூசோனின் கோர்டில்லேரா மலைப்பகுதி, டாவோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அந்த மலையில் இருக்கும் பாகியோ நகரக் கடைகளில் இந்த மாதிரி நிறைய விற்பார்கள். பின்னலில் வார்னிஷ் மினுங்குகிறது, கம்பில் கை பட்ட தடம் இல்லை, ஆகவே யாரோ பாகியோவுக்கு உல்லாசமாகப் போய் வாங்கி வந்தது என்றே நினைக்கிறேன்.

கறையும் துருவும்

கறுப்புக் கறை விஷம் இல்லை. பிலிப்பைன்ஸில் விஷம் தடவியது பெரும்பாலும் அம்பிலும் ஊதுகுழல் முள்ளிலும்தான். வாளில் இருப்பது பழைய எண்ணெய், உறை மரத்தின் சாயம், நிலைத்துப்போன துரு. ஜாவாவில் கெரிஸ் அலகுக்கு ஆர்செனிக் பூசும் வழக்கம் உண்டு என்பதால், எந்தப் பழைய அலகையும் தொட்ட பின் கை கழுவுவது நல்ல பழக்கம். கையுறை உங்களிடம் பெட்டி பெட்டியாக இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக மட்டும் இல்லை, வியர்வை உப்பு இரும்பைத் தின்னும்.

புளி, எலுமிச்சை, கலமன்சி, வினிகர், சபீனா, உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். பாத்திரத்துக்குச் சரி, இதில் கங்யா மூட்டுக்குள் அமிலம் புகுந்துவிட்டால் வெளியே எடுக்க முடியாது, உள்ளிருந்தே அரிக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள், தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி பஞ்சில் எடுத்து அலகில் மட்டும் தடவுங்கள். பஞ்சில் செம்பொடி ஒட்டினால் துரு இன்னும் வேலை செய்கிறது, மறுபடி எண்ணெய் தடவிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். ஒட்டாவிட்டால் அந்தக் கறுப்பை அப்படியே விடுங்கள், அதுதான் அலகுக்குச் சட்டை. பிடியை இழுத்துப் பார்க்கவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம், உள்ளே இருப்பது மரப்பிசின், இளகிவிடும்.

ஊருக்குக் கொண்டு வருவது

இங்கே நீங்கள் நினைத்தது எல்லாமே கொஞ்சம் ஆபத்தான நினைப்பு. 'ரசீது இருந்தால் போதும், அலங்காரப் பொருள் என்று சொல்லிவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸில் தேசியப் பண்பாட்டு மரபுச் சட்டம், குடியரசுச் சட்டம் 10066, 2009-க்கு உரியது, 2023-ல் அதைத் திருத்தி இன்னும் விரித்தார்கள். பண்பாட்டுச் சொத்தை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். 2009 சட்டமே குறைந்தது 2 லட்சம் பெசோ அபராதம் அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டுக் கிரிஸ் இந்த வலைக்குள் வரும் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். புதுப்பொருட்களுக்குக்கூட, இவை பண்பாட்டுச் சொத்து அல்ல என்று மணிலாவின் தேசிய அருங்காட்சியகத்தில் சான்று வாங்கிய பிறகுதான் விமான நிலையம் போக வேண்டும். இரண்டு மாதம் கையில் இருக்கிறது, விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அதுவரை வாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்னியில் ஏறாதீர்கள், வீட்டுக்கு வெளியே கூர்ஆயுதம் வைத்திருப்பதைப் பத்தாஸ் பம்பன்சா 6 என்ற பிலிப்பைன்ஸ் சட்டம் தண்டிக்கிறது, தொழிலுக்கான கருவிக்குத்தான் விலக்கு.

நம் பக்கம் இன்னொரு கதவு. ஆயுத விதிகள் 2016-ன் முதல் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள மற்ற கூர்அலகுகளும் அதில் வரும், வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கானவை தவிர. வெளியிலிருந்து கொண்டு வருவதை ஆயுதச் சட்டம் 1959-ன் 10-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வைத்திருக்கத் தடை இல்லாதவர் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கொண்டு வரலாம் என்று அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் வாள் வைத்திருக்கவே உரிமம் வேண்டுமா என்பது அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது. இந்த வாதத்தை மீனம்பாக்கத்தில் அதிகாலை மூன்று மணிக்கு சுங்க அதிகாரியோடு செய்ய முடியாது. டிக்கெட் போடும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, சுங்கத்துறைக்கும் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பிடி ஒருவேளை தந்தம் என்று தெரிந்தால் அந்த வாளை மறந்துவிடுங்கள், அதற்கு வழியே இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

மொத்தமாக 60,000-க்குப் பேச மாட்டேன். பனாய் வாளைக் குடும்பத்திடமே விட்டுவிடுவேன். நேரான கிரிஸை அங்கேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று பெரியவரிடம் சொல்வேன், விற்றே ஆக வேண்டும் என்றால் அந்த நாட்டுக்குள்ளேயே, இது என்ன என்று தெரிந்தவருக்கு விற்கச் சொல்வேன், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் அங்கே நிறைய பேர் உண்டு. அவருக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு நீங்கள் குறைந்த விலைக்குத் தட்டிக்கொண்டு போவது சட்டப்படி வேறு விஷயம், இத்தனை வருஷம் சோறு போட்ட வீட்டில் அது நன்றாக இருக்காது. நினைவுக்கு ஒன்று வேண்டும் என்றால் திபோலி வாளை வாங்குங்கள், கைவினைப் பொருள் விலைக்கு, மேலே சொன்ன இரண்டு கதவும் திறந்த பிறகு. அலகே வேண்டாம் என்றால் லேக் செபுவில் அதே கைகள் செய்யும் பித்தளை மணியும் உருவமும் கிடைக்கும், அவற்றில் ஆயுதம் என்ற சிக்கல் வராது. வளைந்த கிரிஸ் உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தால் வாங்கலாம்தான், ஆனால் அதற்கும் அதே சான்று, அதே சுங்கம், அதே அலைச்சல். அந்தப் பிளாஸ்டிக் தலைக்கு அது தேவையா என்று பாருங்கள்.

ஈட்டிக் கம்பை அறுக்க வேண்டாம். அறுத்துப் பெட்டியில் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஈட்டிதான். முழுசாக அங்கேயே விட்டுவிடுங்கள், வீட்டை வாங்குபவர் ஹாலில் மாட்டிக்கொள்ளட்டும்.